நெஞ்சில் பால்வெட்டும் தலையில் கோழிக்கூடும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், நாள் முழுக்கப் படம் வரைகிறாள். எல்லாம் மனிதர்கள்தான், ஆனால் ஒருவரும் ஒழுங்காக இல்லை. ஒரு பெண்ணின் தலைமேல் கோழிக்கூடு. ஒரு சிறுமியின் வயிற்றில் கிணறு, அதன் கயிறு வாய் வழியாக வெளியே வருகிறது. மூன்றாவது படத்தில் அப்பா. அவருக்குப் பால்வெட்டுதான் வேலை. படத்தில் அவர் நெஞ்சிலேயே ரப்பர் மரத்துக்குப் போடுவதுபோலச் சரிவாக ஒரு வெட்டு, இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. அடியில் சிரட்டை. அதில் வெள்ளையாகப் பால் சொட்டுகிறது. அப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு மனசுல ஏதாம் கோளாறு இருக்கும், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "சார், அப்பன வெட்டிப்போட்ட அந்தப் படத்தப் பாத்ததுலருந்து எனக்கு வயித்துல புளியக் கரைக்குது. இதுக்கெல்லாம் அர்த்தம் உண்டா, இல்ல சும்மா விளையாட்டா?" என்பது கேள்வி.

தங்கச்சி, பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறீர்கள். அதை அப்படியே வரைந்து பாருங்கள். ஒரு பெண் நிற்கிறாள், அவள் வயிறு ஒரு மண்சட்டி, உள்ளே ஒரு கை புளி கரைக்கிறது. இந்தப் படத்தை உங்கள் மகளின் மூன்று படங்களோடு நான்காவதாக வைத்தால் அந்தச் சொந்தக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. நீங்கள் வாயால் சொல்வதை அவள் கையால் சொல்கிறாள், அவ்வளவுதான்.

நம் பேச்சு முழுக்க இப்படித்தானே இருக்கிறது. கோபித்துக்கொண்டவள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். எங்கே வைத்திருக்கிறாள், அலமாரியிலா? பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறோம். பயத்தில் ஈரக்குலை நடுங்குகிறது. கடன்காரன் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறான். சந்தோஷம் வந்தால் கால் தரையில் பாவுவதில்லை. சொல்லும்போது யாரும் திடுக்கிடுவதில்லை, காது பழகிவிட்டது. யாராவது ஒருத்தி அதைச் சொல்லுக்குச் சொல் தாளில் இறக்கினால்தான் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. உள்மனதை வரைகிற ஓவியத்தில் குறியீடும் குறும்பும் பெரும்பாலும் பிறக்கிற இடம் இதுதான் என்பது என் கட்சி. முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து, ஃப்ரீஹேண்ட் அவுட்லைனும் மாடல் டிராயிங்கும் சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கே இது முழுசாகப் பிடிபட்டது.

பயத்தை முதலில் ஒதுக்கி வைப்போம். வெட்டு வரைந்தால் வெறி, கறுப்பு பூசினால் சோகம் என்று படத்தை வைத்து நோய் சொல்பவர்களை நம்பாதீர்கள். பிள்ளை சாப்பிடவில்லை, உறங்கவில்லை, கூட்டுக்காரிகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள் என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். படமே வரையாத பிள்ளையாக இருந்தாலும் அதைத்தானே செய்வீர்கள். நேரத்துக்குச் சாப்பிட்டு, உறங்கி, தம்பியோடு சண்டையும் போட்டு, இடையில் அப்பா நெஞ்சில் சிரட்டை கட்டுகிற பிள்ளைக்கு இப்போது வேண்டியது கொஞ்சம் நல்ல தாள்.

மார்க் ஷகால் என்று ஒரு ஓவியர். 1887-இல் இன்றைய பெலாரூஸில் இருக்கும் வித்தெப்ஸ்க் நகரத்தில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுப் பேச்சு யிட்டிஷ். 1914-இல் அவர் வரைந்த ஒரு படத்தில், பனி மூடிய தெருவுக்கு மேலே, ஒரு கிழவர் மூட்டையும் கைத்தடியுமாக ஆகாயத்தில் போய்க்கொண்டிருக்கிறார். பார்க்கிறவர்கள் கனவு என்பார்கள், மாயம் என்பார்கள். யிட்டிஷ் பேசத் தெரிந்தவர்களுக்கு அது பாதி கேலி. வீடு வீடாகப் போய்க் கையேந்துகிறவரை அந்த மொழியில் "வீடுகளுக்கு மேலே போகிறார்" என்றுதான் சொல்வார்கள். ஷகால் சொன்னபடி செய்தார், கிழவரைத் தூக்கி வீடுகளுக்கு மேலே விட்டார். சிரிப்பு வருகிறது. கொஞ்சம் நேரம் பார்த்தால் சிரிப்பு நின்றுபோகிறது. கால் வைக்கத் தரை இல்லாமல் அலைகிற ஒரு இனத்தின் ஆள் அவர் என்று புரிகிறது.

அடுத்த வருஷம், 1915-இல், அவருக்கும் பெல்லாவுக்கும் கல்யாணம். அந்த வருஷம் வரைந்த "பிறந்தநாள்" படத்தில் பெல்லா பூச்செண்டோடு நிற்கிறாள். ஷகால் அவளுக்கு மேலே மிதந்து, கழுத்தை ஆடு திரும்புவதுபோல முழுசாகப் பின்னால் வளைத்து முத்தம் கொடுக்கிறார். எலும்பு உள்ள மனிதனால் முடியாத காரியம். ஆனால் கால் தரையில் பாவவில்லை என்பதை வேறு எப்படித்தான் வரைவது? அதற்கும் முன்னால் 1911-இல் ஒரு படம்: பெரிய பசுத்தலை ஒன்றும் பச்சை முகத்து மனிதன் ஒருவனும் மூக்கோடு மூக்கு பார்த்துக்கொள்கிறார்கள். பசுவின் கன்னத்துக்குள் ஒரு பெண் உட்கார்ந்து பால் கறக்கிறாள். பசு அவளை நினைத்துக்கொண்டிருக்கிறதா, அந்த மனிதன் பசுவை நினைக்கும்போது அவளும் சேர்ந்து வருகிறாளா? இரண்டுமாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கன்னத்துப் பாலுக்கும் உங்கள் வீட்டுச் சிரட்டைப் பாலுக்கும் அதிக தூரமில்லை. (ஒன்று சொல்லியாக வேண்டும். வயதான காலத்தில் ஷகாலின் ஆடும் பிடில்காரனும் மிதக்கும் ஜோடியும் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி ஆகிவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. கிழவரைப் பறக்கவிட்டபோது கையில் இருந்த பதற்றம் அவற்றில் இல்லை.)

சொந்தக்காரர் ஏன் பதறினார் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூர், கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. அந்த மண்ணின் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் போட்டு, அதன் படங்கள் வீட்டுக்கு வீடு சுவரேறின. மனிதர் என்றால் இப்படி ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற கண் அந்தக் காலண்டர்கள் பழக்கிய கண். ரவிவர்மாவும் உள்மனதை வரைந்தவர்தான். சகுந்தலை காலில் தைத்த முள்ளை எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கிறாளே, காலில் முள் இல்லை, மனசில் இருக்கிறது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு கழுத்துத் திருப்பம் போதும், உடம்பை மாற்ற வேண்டியதில்லை. அது ஒரு வழி. ஆனால் அதற்கு முன்னும் நமக்கு வேறு வழிகள் இருந்தன. சுசீந்திரத்தில் பெண்ணுடலோடு பிள்ளையார் இருக்கிறார், அவரைப் பார்த்து யாரும் கோளாறு என்று சொல்வதில்லை. இசக்கியம்மன் கையில் குழந்தை. சில கோயில்களில் பல்லுக்கிடையிலும் ஒரு குழந்தை. கொல்லப்பட்டவளின் ஆத்திரமும் பெற்றவளின் ஏக்கமும் ஒரே முகத்தில் வரவேண்டும் என்றபோது, ஊரில் மண் குழைத்தவர் ஒழுங்கைப் பார்க்கவில்லை.

தலைவலி தீர மண்டைக்காட்டில் மண்டையப்பம் நேர்ந்துகொள்கிறோம். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு குறும்பான காரியம் அது. தலைக்குள் இருக்கும் வேதனையை எடுத்து, மாவில் உருட்டி, வேகவைத்து, அம்மன் முன்னால் வைத்துவிட்டு, பிறகு தின்றும் விடுகிறோம். கண்நோவு என்றால் வெள்ளித் தகட்டில் கண், கால்நோவு என்றால் கால். கோயிலிலும் இதுதான், வேதக்கோயிலிலும் (சர்ச்சிலும்) இதுதான், இரண்டுக்கும் நேர்ச்சை என்ற ஒரே சொல். உடம்புக்குள் இருக்கிறவரை வலிக்கு உருவம் கிடையாது. வெளியே எடுத்து ஒரு பொருளாக்கிவிட்டால் அதைப் பார்க்கலாம், கையில் பிடிக்கலாம், யாரிடமாவது ஒப்படைக்கலாம்.

இதையே ஓவியமாக்கியவர் மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ. 1925 செப்டம்பரில், 18 வயதில், அவர் போன பஸ்ஸில் டிராம் மோதி முதுகெலும்பும் இடுப்பும் நொறுங்கின. படுக்கையில் கிடந்த மகளுக்கு அம்மா கட்டிலின் மேற்கூரையில் கண்ணாடி பொருத்திக் கொடுத்தார். தன் முகம்தான் எதிரே இருந்தது, அதையே வரைந்தார். (நம் சாமிதோப்பு அய்யாவழிப் பதிகளிலும் சிலை வைக்கிற இடத்தில் கண்ணாடிதான். கண்ணாடி முன்னால் நிற்கிறவர் தப்பிக்க முடியாது.) மெக்சிகோவிலும் நேர்ச்சைப் பழக்கம் உண்டு. விபத்திலிருந்து பிழைத்ததை, நோய் தீர்ந்ததைச் சின்னத் தகரத் தகட்டில் படமாக வரைந்து மாதா கோயிலில் மாட்டுவார்கள். ஃப்ரீடா அந்தத் தகடுகளைத் தேடிச் சேர்த்தவர். அவரே பல படங்களை உலோகத் தகட்டில்தான் வரைந்தார். 1943-இல் வரைந்த "வேர்கள்" அப்படி ஒன்று. வறண்ட நிலத்தில் அவர் சாய்ந்து கிடக்கிறார். நெஞ்சு ஜன்னல்போலத் திறந்திருக்கிறது. அதற்குள்ளிருந்து பச்சைக்கொடி கிளம்பி, இலைவிட்டு, மண்ணில் படர்கிறது. முகத்தில் வேதனையே இல்லை. உங்கள் மகள் இந்தப் படத்தைப் பார்த்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. நெஞ்சிலிருந்து மரமும் கொடியும் வரும் என்பதை அவள் காலையில் எழுந்ததும் பார்க்கிறாள்.

குறியீடுகளில் இரண்டு சாதி உண்டு. ஊர் ஒப்புக்கொண்டது ஒன்று. வேல் இருந்தால் முருகன். கடற்கரைக் குருசடியில் உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்பவர் செபஸ்தியார், தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்பவர் லூசியாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்னொன்று, ஒருவருக்கு மட்டுமே சாவி உள்ளது. கோழிக்கூடு அந்த வகை. அதற்கு அகராதி கிடையாது. பல் விழுந்தால் இது, பாம்பு கடித்தால் அது என்று கனவுப் பலன் புத்தகத்தில் போட்டிருப்பார்களே, அதுபோல ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு மகளின் படத்தைப் படிக்கக் கூடாது. கெட்டிக்காரர்கள் இரண்டையும் கலக்கிறார்கள். ஃப்ரீடாவிடம் கிரானிஸோ என்று ஒரு வளர்ப்பு மான் இருந்தது. 1946-இல் அந்த மானின் உடம்புக்குத் தன் தலையை வைத்து, அதில் ஒன்பது அம்புகளைத் தைத்தார். அம்புகள் செபஸ்தியாருடையவை, ஊருக்குத் தெரிந்தவை. மான் அவர் வீட்டுடையது. படத்தின் ஓரத்தில் "கார்மா" என்று நம் கர்மாவையே எழுதி வைத்தார். இவ்வளவும் ஏறக்குறைய ஒரு ஏ4 தாள் அளவுக்குள்.

சரி, இவ்வளவு வேதனையான விஷயத்தில் விளையாட்டு எதற்கு? நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் தோல்பாவைக்கூத்து வரும். ஆட்டுத்தோலில் செய்த ராமரும் சீதையும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் கௌரவமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் குதித்து வந்து, நம்ம ஊர்ப் பேச்சில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களையே வம்புக்கு இழுப்பார்கள். ராமரால் சொல்ல முடியாததையெல்லாம் அந்த இரண்டு கோமாளிகள் சொல்லிவிடுவார்கள். ஊர்ப் பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்து தன்னைப் பற்றிய கேலிக்குச் சிரிப்பார். நேராகச் சொன்னால் அடிதடி ஆகியிருக்கும். ஓவியத்திலும் குறும்பு செய்கிற வேலை இதுவே. காவல்காரனைச் சிரிக்க வைத்துவிட்டு உண்மை உள்ளே நுழைந்துவிடுகிறது.

பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட், ஓவியமும் வரைந்தார். ஆண்களை நேசிக்கிற ஆண் அவர். அதை வெளியே சொல்ல அந்தக் காலத்தில் வழி இருக்கவில்லை. 47 வயதில், 1981-இல், ஒரு படம் வரைந்தார், அது இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. பால்கனியில் ஒருவன் உடுதுணி இல்லாமல் முதுகைக் காட்டி நின்று ஊரைப் பார்க்கிறான். ஊருக்குள் அப்பன், மகன், கழுதை. நாம் ஒன்றாம் வகுப்பில் படித்த கதைதான்: ஏறினாலும் ஏசுவார்கள், இறங்கினாலும் ஏசுவார்கள், கடைசியில் கழுதையை இவர்கள் சுமப்பார்கள். "எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது" என்பதுதான் படத்தின் பெயரும். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க அடக்கிவைத்ததைக் குழந்தைக் கதையை நீட்டிச் சொல்லிவிட்டான். பால்கனிக்காரனின் முதுகு என்ன நினைக்கிறது என்று கழுதையைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த குறும்புக்காரி ரெமெடியோஸ் வாரோ. 1908-இல் ஸ்பெயினில் பிறந்து, போருக்குத் தப்பி மெக்சிகோ போய், 1963-இல் அங்கேயே இறந்தவர். அப்பா நீர்ப்பொறியாளர், மகளுக்குச் சின்ன வயதிலேயே அளவுகோல் பிடித்துக் கோடு போடக் கற்றுக்கொடுத்தவர். 1960-இல் அவர் வரைந்த படத்தில் ஒரு பெண் மனோதத்துவ டாக்டரின் வீட்டிலிருந்து வெளியே வருகிறாள். கதவில் டாக்டரின் பெயர்ப் பலகை, அதில் ஃப்ராய்டு, யுங், அட்லர் மூவரின் முதலெழுத்துகள். அவள் கையில் தாடியைப் பிடித்துத் தொங்கவிட்ட ஒரு ஆணின் தலை, சுருங்கிப்போய் எலுமிச்சை அளவில். அப்பாவின் தலை. அதை முற்றத்தில் இருக்கும் சின்னக் கிணற்றுக்குள் போடப் போகிறாள். மறு கையில் கூடை, அதில் மனசைக் கூட்டிப்பெருக்கிய குப்பை. டாக்டரிடமிருந்து வருகிறவள் செய்யவேண்டிய சரியான காரியம் இதுதான் என்று வாரோவே வேடிக்கையாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இந்தப் படத்தைப் பார்த்ததும் நம் "தலைமுழுகுதல்"தான் நினைவுக்கு வந்தது. உறவை அறுத்துக்கொள்வதை நாம் அப்படித்தானே சொல்கிறோம். இங்கே ஒருத்தி நிஜமாகவே தலையை முழுக்குகிறாள். வாரோவுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். உங்கள் மகளின் கிணற்றுப் படத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரோவின் பெண் கிணற்றில் போடுகிறாள். உங்கள் மகளின் சிறுமி தனக்குள் இருக்கும் கிணற்றிலிருந்து எதையோ இறைத்து வாய் வழியாக வெளியே எடுக்கப் பார்க்கிறாள். எனக்கென்னவோ இவள் பாடுதான் கஷ்டம் என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இந்த வழியில் போனவர்களில் கே. ராமானுஜத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்து, 1966-இல் பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர். மனிதர்களோடு பழகுவதில் மிகவும் சிரமப்பட்டவர், கேலிக்கு ஆளானவர். மனநலமும் அவரைப் படுத்தியது. அவர் படங்களில் கோபுரமும் அரண்மனையும் பறக்கும் மிருகங்களும் தேவதைகளும் இடைவெளி இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நடுவில் தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதர் ராஜாபோல இருப்பார். அது ராமானுஜமேதான். தெருவில் கிடைக்காத மரியாதையை அவர் தாளில் தானே கொடுத்துக்கொண்டார். 1973-இல், முப்பது சொச்சம் வயதிலேயே போய்விட்டார். அவரைப் பற்றிப் பேசும்போது நோயால்தான் இப்படி வரைந்தார் என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. நோய் உள்ளவர்கள் ஆயிரம் பேர். அந்தப் பேனாக்கோடு ஒருவருக்குத்தான் வந்தது. பணிக்கர் அந்தக் கோட்டைப் பார்த்தார், வழியை விட்டார். ஆசிரியர் செய்யவேண்டியது அதுதான்.

நான் அதைச் செய்யவில்லை. ஒக்கிப் புயல் 2017 நவம்பர் கடைசியில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் முறிந்தன. எங்கள் கடற்கரையில் ஆட்கள் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் ஜூனில் எட்டாம் வகுப்பில், ஒரு கடற்கரைப் பையன் வீடு ஒன்று வரைந்திருந்தான். மொட்டைமாடியில் கம்பு நட்டு, அதில் கட்டம்போட்ட சாரத்தை (லுங்கியை) பாயாகக் கட்டி, வீடே காற்றில் சாய்ந்து கடலுக்குள் போகிறது. வாசல் நடையில் ஒரு பூனை துடுப்புப் போடுகிறது. வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். நான் படத்தைக் கையில் வாங்கி, எல்லார் முன்னாலும், "இதுக்கு என்ன அர்த்தம்லே?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், சும்மா" என்றான். சாரம் யாருடையது என்று எனக்குத் தெரியும், வகுப்பில் பாதிப் பேருக்கும் தெரியும். அடுத்த வாரம் முட்டம் கலங்கரை விளக்கத்தைக் காலண்டரில் பார்த்து அச்சாக வரைந்து கொண்டுவந்தான், இரண்டு பக்கமும் தென்னைமரத்தோடு. நான் பத்துக்கு ஒன்பது போட்டேன். சாரம் கட்டிய வீட்டை அதன்பிறகு அவன் காட்டவே இல்லை.

ஆகவே அர்த்தம் என்ன என்று மட்டும் மகளிடம் கேட்காதீர்கள். படத்துக்குள் போய்க் கேளுங்கள். இந்தக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழம்? கோழி எத்தனை? இந்த அப்பாவுக்குக் கூசுகிறதா? பிள்ளைகள் இந்தக் கேள்விக்கெல்லாம் உடனே பதில் சொல்வார்கள், அந்தப் பதிலில் நீங்கள் தேடுவது கிடைக்கும். உடம்பில் எந்த இடம் மாறியிருக்கிறது என்று பாருங்கள், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். படத்தில் யார் நம்மைப் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்று பாருங்கள். அதற்குமேல் தோண்ட வேண்டாம்.

அவளிடம் ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லலாம், அதுவும் போகிறபோக்கில். போனைத் திறந்தால் தலையிலிருந்து பட்டாம்பூச்சி பறக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கிறார்கள். கூண்டுப் பறவை, உருகும் கடிகாரம், உடைந்த இதயத்துக்குத் தையல். எல்லாம் மனசைப் பற்றிய படங்கள்தான், யாருடைய மனசு என்றுதான் தெரியாது. அப்படிப் படம் வரைய ஒருவரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. பார்த்ததும் அழகாக இருக்கும், மறுநாள் மறந்துபோகும். கோழிக்கூட்டை விட்டுவிட்டுப் பட்டாம்பூச்சிக்குப் போய்விடக் கூடாது. வேடிக்கையைத் தன் பக்கம் திருப்பவும் தெரிய வேண்டும். திருவனந்தபுரம் தாண்டினால் வரும் ஆற்றிங்கலில் பிறந்தவர் ஏ. ராமச்சந்திரன், 2024-இல் காலமானார். தாமரைக் குளமும் ராஜஸ்தான் பழங்குடிப் பெண்களுமாகச் சுவர் அகலத்துக்கு வரைவார், அதன் மூலையில் தன் தாடி முகத்தோடு ஒரு ஆமையோ வௌவாலோ இருக்கும். அத்தனை அழகுக்கு நடுவில் தனக்கு எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவுதான்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று உங்கள் சொந்தக்காரர் சொன்னால், குறுந்தொகையில் 25-ஆம் பாட்டைக் காட்டுங்கள். கபிலர் பாடியது. அவன் என்னைக் கூடியபோது சாட்சி யாருமில்லை, அவன் ஏமாற்றினால் நான் என்ன செய்வேன் என்கிறாள் ஒருத்தி. பிறகு, இருந்தது ஒரு குருகு, தினைத்தாள் மாதிரி மெல்லிய பசுங்காலோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு என்கிறாள். நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் அந்தக் கொக்கின் காலைப் பார்க்கிறாளே, அதுதான் நான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருப்பது. சாட்சி சொல்ல வேண்டியது மீன் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இந்த வகைப் பாட்டுக்கு நம் ஆட்கள் வைத்த பேர் அகம். அகம் என்றால் உள்ளே, அகம் என்றால் வீடு. உங்கள் மகள் பெண்ணின் தலைமேல் கூட்டைக் கட்டியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இனி அப்பா படம். ரப்பர் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்குத்தாக இருப்பதில்லை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக வெட்டினால் அதிகக் குழாய் அறுபட்டுப் பால் கூடுதலாக வடிகிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மகள் அதே சரிவில் வெட்டியிருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெறியில் வெட்டுகிறவளுக்குச் சரிவு நினைவிருக்காது. ரத்தமும் வரவில்லை, பால்தான் வருகிறது. கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் தடி வரைக்கும் இறங்கினால் மரம் கெடும், பட்டையோடு நிற்க வேண்டும் என்பது உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டப் போகிறவரையே மரமாகப் பார்க்க அவளால் முடிந்திருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறாள். படத்தை அவரிடம் காட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. காட்டுங்கள். அவருக்கு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைத் திருநந்திக்கரைக் குகைக்கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். பாறைச்சுவரில் பழைய ஓவியத்தின் கோடும் நிறமும் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. அந்தத் திட்டைப் பார்த்து மிச்சத்தை அவளே வரைந்துகொள்ளட்டும்.

கோழிக்கூட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது, ஒரு தகவல் குறைகிறது. கூட்டின் கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? மூடியிருந்தால் கொண்டி உள்ளேயா, வெளியேயா? பார்த்து எழுதுங்கள்.